குருதி காட்டும் நோயளவு

கற்ற மருத்துவன் கருதிச் செய்யவேண்டியவற்றை வள்ளுவப் பெருந்தகை மூன்றாக வகுத்தார்: நோயுற்றவனின் நிலை, நோயின் அளவு, காலம் என்பன அவை. இவ்வகுப்பு இன்றைய ஆய்வுகூடத்துக்கும் பொருந்துமாற்றைப் பெருங்குடல் நோயொன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

பெருங்குடற் சுவரில் வலிவு குன்றிய இடங்கள், உள்ளெழும் அழுக்கத்தாற் சிறு பைகள்போல வெளியே பிதுங்குவதுண்டு. வயது முதிர முதிர இவை மிகும். பெரும்பாலோர்க்குத் துன்பம் யாதுமில்லை. அப்பைகளுள் ஒன்று அழற்சியுறின் வயிற்றுநோவும் காய்ச்சலும் தோன்றும். மேனாட்டாருக்கு நோவு பெரும்பாலும் இடப்பக்கத்திலாகும். கிழக்காசிய மக்களிற் பலருக்கு வலப்பக்கத்தில் எழுதலால், குடல்வால் அழற்சியென மயங்குதலும் உண்டு.

சிலருக்கு அழற்சி தானே தணியும்; சிலருக்கோ சீழ்க்கட்டி உண்டாகும், அன்றிக் குடல் துளைபடும். முன்னவர்க்கு மருந்து மிகையாகலாம். பின்னவர்க்குத் தாமதமே உயிருக்கு இடராகும். இவ்விரு சாராரையும் பிரித்தறிவது எங்ஙனம்?

1930 இல் நியூயோர்க்கு நகரின் றொக்பெல்லர் நிலையத்தைச் சேர்ந்த தில்லெற், பிரான்சிஸ் என்னும் இருவர், நியுமோனியா நோயாளரின் குருதியில் ஒரு பொருளைக் கண்டனர். அதுவே இன்று சீ.ஆர்.பி. எனப்படும் புரதம். உடலில் அழற்சி எழுமிடத்து ஈரல் இதனை மிகுதியாக ஆக்கும். நலமுடையார்க்கு லீற்றருக்குப் பெரும்பாலும் 10 மில்லிகிராமுக்கு உட்பட்டே இருக்கும். இந்நோயில் அது 50 இற்குக் குறைந்திருப்பின் குடல் துளைபட்டிருத்தல் அரிது. 150 ஐக் கடப்பின் சிக்கலுண்டென ஐயுற்று, சி.ரி. ஸ்கான் எடுத்துத் தெளிதல் வேண்டும். இது நோயின் அளவு.

இனிக் காலம். இப்புரதம் உயரத் தொடங்க 6 முதல் 12 மணித்தியாலமும், உச்சத்தை எய்த ஏறத்தாழ 48 மணித்தியாலமும் செல்லும். ஆதலின் நோவெடுத்தவுடன் பெற்ற குருதியிற் சிறிய எண் காணினும், அதனை நம்பி அமைதல் தகாது. மறுநாளும் சோதித்தல் நன்று. நாடோறும் இறங்கும் எண் குணமாதலைக் காட்டும். இறங்காத எண், மறைந்திருக்கும் சீழைத் தேடுமாறு ஏவும்.

நோயுற்றவனின் நிலையோ இவ்விரண்டினும் முந்தியது. முதியோர்க்கும், ஸ்ரீரொயிட் மருந்துண்போர்க்கும் எண் சிறிதாயினும் நோய் பெரிதாதல் கூடும். அன்றியும் அழற்சி எவ்வுறுப்பிலுள்ளது என்பதை இப்புரதம் கூறாது. எலிக்காய்ச்சலிலும் அது உயரும்.

நுண்ணுயிர்க்கொல்லி எல்லார்க்கும் வேண்டுவதன்று. சுவீடன், ஐஸ்லாந்து நாடுகளில் 623 பேரிடம் நடத்தி 2012 இல் வெளியிட்ட ஆய்வும், நெதர்லாந்தில் 528 பேரிடம் நடத்தி 2017 இல் வெளியிட்ட ஆய்வும் இதனைத் தெளிவித்தன. ஸ்கான் மூலம் சிக்கலற்றதென உறுதிசெய்யப்பட்ட நோயில், அம்மருந்து பெறாதோரும் பெற்றோரைப் போலவே தேறினர். வேண்டாவிடத்து அதனை வழங்கின், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும்.

மலைத்தோட்டங்களிலிருந்து கண்டிக்கோ பேராதனைக்கோ வைத்தியசாலை நாடி வருவோர்க்கு வழியிலேயே பல மணித்தியாலம் கழிதல் கூடும். அன்னார்க்கு அன்பர்கள் அறிவுறுத்தத்தக்கவை இரண்டு: மருந்துக்கடையில் தாமாக நுண்ணுயிர்க்கொல்லி வாங்கி உண்ணற்க, நோவு தொடங்கிய நேரத்தை வைத்தியரிடம் தவறாது கூறுக. நேரம் அறியாவிடத்து எண்ணின் பொருளும் முற்றாக விளங்காது.