பழுதுற்ற கருவியும் பயன்படுமாறு

கருவி ஒன்றை ஆக்குவோன், அது செவ்வனே இயங்கும் நாளை மட்டும் எண்ணி ஆக்குவானாயின், அவன் வேலை பாதியே முடிந்ததாகும். உறுப்பொன்று பழுதுற்ற நாளில் அக்கருவி என் செய்யும் என்பதையும் முன்னரே ஆராய்ந்து அமைத்தல் வேண்டும். பொறியியலுள் இஃது ஒரு தனிப் பகுதியாக வளர்ந்துள்ளது. அதனை உண்மை நிகழ்ச்சி ஒன்றன் வாயிலாக ஈண்டு விளக்கப் புகுவாம்.

தன்னைத் தானே நெறிப்படுத்தும் எவ்வமைப்பிற்கும் மூன்று உறுப்புக்கள் உள. நிலைமையை அறிவது உணர்கருவி. செய்யத் தக்கதைத் துணிவது கணிப்பொறி. துணிந்ததைச் செய்து முடிப்பது இயக்குறுப்பு. இவை முறையே நம் கண்ணும் மூளையும் கையும் போல்வன. இவற்றொடு, காற்றும் அலையும் போலப் புறத்தேயிருந்து வரும் இடையூறும் உண்டு. கை தளர்ந்த வேளையில் காற்றும் எதிர்த்தால் ஓடம் என்னாகும்? அதுவே நம் வினா.

கெப்ளர் என்னும் தொலைநோக்கியை அமெரிக்க நாசா நிறுவனத்தார் 2009ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் விண்ணிற் செலுத்தினர். 1,50,000க்கு மேற்பட்ட விண்மீன்களை இடையறாது நோக்குதல் அதன் தொழில். கோள் ஒன்று தன் விண்மீனைக் குறுக்கே கடக்குங்கால் அம்மீனின் ஒளி சிறிது குன்றும். நம் பூமி போன்றதொரு கோள் ஞாயிறு போன்றதொரு மீனைக் கடப்பின், குன்றும் ஒளி 10,000இல் ஒரு பங்கினும் குறைவே. ஆதலின் தொலைநோக்கி சிறிதும் அசைதல் ஆகாது.

பற்றுக்கோடற்ற வெளியில் ஒரு கலம் எங்ஙனம் திரும்பும்? அதனுள் அமைந்த சக்கரத்தை ஒருபுறம் சுழற்றினால், கலம் மறுபுறம் திரும்பும். மூன்று அச்சுக்களுக்கு மூன்று சக்கரங்கள் வேண்டும். கெப்ளரிலோ நான்கு இருந்தன, ஒன்று மிகை. 2012 சூலையில் ஒன்று நின்றது. எஞ்சிய மூன்றும் போதியவாயின. 2013 மே மாதத்தில் மற்றொன்றும் நின்றது. சக்கரங்கள் இரண்டு, அச்சுக்களோ மூன்று! தொலைநோக்கி இனிப் பயன்படாது என்றே தோன்றியது.

இந்நிலையில் இடையூறாக நின்றது யாது எனின், ஞாயிற்றின் ஒளியே. ஒளிக்கும் அழுத்தம் உண்டு. அது மிகச் சிறிதாயினும் ஓயாது தள்ளிக் கலத்தைத் திருப்பிவிடும். பொறியாளர் அதனை எதிர்க்க முயன்றிலர். கலத்தின் இரு பக்கத்தும் ஒளி ஒப்ப விழுமாறு அதனை நிறுத்தினர். அவ்வழி, மூன்றாம் அச்சில் இருபுறத்து அழுத்தமும் ஒன்றை ஒன்று ஈடுசெய்தது. ஏனைய இரண்டு அச்சுக்களைச் சக்கரங்கள் காத்தன. விரல் நுனியில் நிறுத்திய கோல் போன்ற அச்சமநிலை மெல்லச் சாயும். ஏறக்குறைய ஆறு மணிக்கு ஒருமுறை சிறு உந்துகருவிகள் அதனைத் திருத்தின.

இதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. பழைய விண்புலத்தைக் காண இயலவில்லை. தன் சுற்றுப்பாதையின் தளத்தை ஒட்டிய புலங்களையே, ஒவ்வொன்றையும் ஏறக்குறைய எண்பது நாள், அது நோக்கிற்று. எனினும் 2014இல் தொடங்கிய இவ்விரண்டாம் வாழ்வு, எரிபொருள் தீர்ந்த 2018 அக்டோபர் வரை நீடித்து, நூற்றுக்கணக்கான புதிய கோள்களை உலகிற்கு அறிவித்தது.

இதனின்று நாம் கொள்ளத்தக்கவை மூன்று. மிகை உறுப்பு நன்று, ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. பழுதுற்றபின் எஞ்சிய உறுப்புக்களின் ஆற்றலுக்கேற்பக் குறிக்கோளைக் குறைத்துக்கொள்ளுதல் தோல்வியன்று. இடையூற்றின் இயல்பை நன்கறிந்தவனுக்கு அதுவே துணையாதலும் கூடும்.

கெப்ளரைச் சீர்செய்யப் பொறியாளர்க்கு மாதங்கள் பல கிடைத்தன. வானூர்திக்கோ கணங்களே உள. ஆங்குக் கணிப்பொறி தானே பழுதைக் கண்டு, எஞ்சிய உறுப்புக்களுக்கு வேலையைப் பகிர்ந்தளித்தல் வேண்டும். காற்றின் வீச்சைப் பழுதென மயங்கினால் நல்ல உறுப்பைக் கைவிடும். பழுதைக் காற்றென மயங்கினால் கெட்ட உறுப்பையே நம்பியிருக்கும். இவ்விரு மயக்கமும் அகலப் பகுத்தறியும் கணிதமே இத்துறையின் உயிர்நிலை. பலர் உயிர் அதனைப் பற்றி நிற்றலின், அதனைக் கற்பார் பொறுப்பும் பெரிதென்று அறிவோமாக.