வெள்ளக் காப்பு மாவட்டத்தைக் கலைக்க முடியுமா?

கேள்வி: அமெரிக்காவில் வெள்ளத் தடுப்புக்கென அமைந்த ‘கன்சர்வன்ஸி’ மாவட்டங்களை, அங்குள்ள ஜனங்கள் வேண்டாமென்று கருதினால் கலைத்துவிட இயலுமா?

பதில்: இயலும், ஆயினும், கூட்டம் கூடித் தீர்மானம் போட்ட மாத்திரத்தில் முடிந்துவிடுகிற காரியமன்று. இந்தியானா மாநிலத்தில் நிலவுடைமையாளர்களின் மனுவை விசாரித்து நீதிமன்றம் பிறப்பிக்கும் உத்தரவினாலேயே இம்மாவட்டம் ஜனிக்கிறதாகையால், அதன் கலைப்புக்கும் அந்நீதிமன்றத்தையே நாட வேண்டும். இது மிகவும் நியாயமான ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம்.

உண்மையான சிக்கல் மாவட்டம் வெளியிட்ட கடன் பத்திரங்களில் இருக்கிறது. ஒப்பந்தக் கடமைகளைக் குலைக்கும் சட்டம் எதையும் மாநிலங்கள் இயற்றலாகாது என்று அமெரிக்க அரசியல் சாசனம் விதித்திருப்பதால், ஸ்தாபனம் மறைந்தாலும் அதன் கடன் மறைவதில்லை. அலபாமா மாநிலம் 1879இல் மொபீல் நகராட்சியைக் கலைத்து, அதனிடத்தில் வேறொன்றை நிறுவியபோது, பழைய கடனைப் புதிய ஸ்தாபனமே ஏற்க வேண்டுமென 1886இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடனைக் காட்டிலும் கவலைக்குரியவை அணைகள். 1913ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டேட்டன் நகரை மூழ்கடித்து, மயாமிப் பள்ளத்தாக்கில் 300க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட பெருவெள்ளத்தின் விளைவாக, ஒஹாயோ மாநிலம் 1914இல் கன்சர்வன்ஸி சட்டத்தை இயற்றிற்று. அதன்படி அமைந்த மயாமி மாவட்டம் 1922க்குள் கட்டி முடித்த 5 அணைகள், சாதாரண நாட்களில் ஆற்றைத் தடையின்றி விட்டு, வெள்ளக் காலத்தில் மட்டும் நீரைத் தேக்குபவை. பல்லாண்டுகள் வெள்ளமே காணாத தலைமுறை, தான் செலுத்தும் வரியை வீண் என்று எண்ணுவது எளிது. ஆகவே, கலைக்கக் கோருவோரிடம் முதலில் கேட்க வேண்டியது, நாளை அந்த அணைகளைப் பழுதுபார்க்கும் பொறுப்பு எவருடையது என்பதே.