ஆவடிக்கு விரிவாக்கம் உண்டா?

ஊரைப் பற்றி ப்ராஜெக்ட் செய்யும் பாடிப் பிள்ளைகளுக்கு

செய்ய வேண்டியவை

• தேடும் சொல்லை முதலில் மாற்றுங்கள். ‘பாடி’ என்று தட்டினால் பஸ் பாடியும் ஜிம் பாடியும்தான் வந்து நிற்கும். ஊரின் பழைய பெயரான ‘திருவலிதாயம்’ என்று தட்டிப் பாருங்கள், கோயில் வரும்.

• கோயிலைப் பற்றிப் பத்துத் தளங்களைப் படிப்பதைவிடச் சம்பந்தர் பதிகத்தையே படித்துவிடலாம். முதல் திருமுறையில் இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய நூல்களை இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அச்சுப் பக்கமே படமாகக் கிடைக்கும். யார் பதிப்பு, எந்த ஆண்டு என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளலாம். பரத்வாஜர் குருவியாக வந்து வழிபட்டார் என்பது தலபுராணம். அதை எழுதலாம், ஆனால் ‘தலபுராணம் சொல்கிறது’ என்று சேர்த்து எழுதுங்கள்.

• ஆண்டுகளை உரசிப் பாருங்கள். நம் பக்கத்து ‘ஆவடி’ என்பது ‘ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டிப்போ ஆஃப் இந்தியா’வின் சுருக்கம் என்று இணையத்தில் அடித்துச் சொல்வார்கள். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் சோஷலிச பாணி சமுதாயத் தீர்மானம் போட்ட காங்கிரஸ் மாநாடு ஆவடியில் நடந்தது 1955 ஜனவரியில். டாங்கித் தொழிற்சாலை வந்ததோ 1960களில். அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது 1965இல். தொழிற்சாலைக்கு முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறதே! இன்னும் பின்னால் போக ஆசையிருந்தால் பழைய ரயில் கால அட்டவணைகளைத் தேடுங்கள்.

செய்யக்கூடாதவை

• ‘எல்லாத் தளத்திலும் இருக்கு சார்’ என்று சொல்லாதீர்கள். வரிக்கு வரி ஒன்றாக இருந்தால், ஒருவர் எழுதியதை மற்றவர்கள் நகலெடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எழுத்துப்பிழை கூட மாறியிருக்காது.

• வீடியோ இருக்கிறது என்பதற்காக நம்பாதீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டின் வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி எழுதப் போகிறவர்கள் 2023 மார்ச்சை நினைவில் வையுங்கள். வேறு மாநிலங்களில் எடுத்த, பழைய வீடியோக்களை ‘தமிழ்நாட்டில் பீகாரிகள் மீது தாக்குதல்’ என்று பரப்பினார்கள். பெரிய இந்தி நாளிதழிலும் செய்தியானது. தமிழகக் காவல்துறை மறுத்தது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பியது. வீடியோவில் தெரியும் கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது என்று பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா?

• விக்கிப்பீடியாவை ஆதாரமாகக் காட்டாதீர்கள். அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு மூல நூலுக்குப் போங்கள்.

• சாட்ஜிபிடி சொன்ன புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமல் எழுதாதீர்கள். இல்லாத நூலுக்கும் அது பக்க எண் கொடுக்கும்.

• லூகாஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தாவை விட்டுவிடாதீர்கள். வாய்மொழித் தகவல் என்று குறித்து, பேட்டி எடுத்த தேதியைப் போடுங்கள். எப்போது வேலையில் சேர்ந்தீர்கள் என்று கேட்டால் ‘எமர்ஜென்சிக்கு முன்னாடிப்பா’ என்பார். அதை அப்படியே எழுதுங்கள். நீங்களாக 1974 என்று ஆக்கிவிடாதீர்கள்.