காக்கி உடையிலிருந்து நாடாளுமன்றம் வரை: பழங்குடிக் காவல் அதிகாரிகள் சிலரின் பொதுவாழ்வு குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில், ஆண் மாணவர் நிறைந்த வகுப்பறையில் ஒரு பெண் அமர்ந்து பயின்றார். அவரைச் சேர்க்கலாகாது என்று எதிர்ப்பு எழுந்தபோதும் அரசரின் ஆணையால் கல்லூரிக் கதவு திறந்தது. அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி மரபில் வந்த தாயின் மகளாகப் பிறந்த அவர், 1912 இல் மருத்துவப் பட்டம் பெற்றார்; 1927 இல் சென்னைச் சட்ட மேலவையின் துணைத்தலைவரானார். தாம் அருகிலிருந்து கண்ட கொடுமையைச் சட்டத்தால் ஒழிக்க அங்கே போராடினார். அவர் தொடங்கிய முயற்சி 1947 இல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமாக நிறைவு பெற்றது.

கல்விக்கூடத்தின் கதவு திறந்தால் சட்டம் இயற்றும் மன்றத்தின் கதவும் ஒரு நாள் திறக்கும் என்பதற்கு நம் மண்ணே சான்று. இதே பாதையைப் பழங்குடி மக்கள் எவ்வாறு கடந்தனர் என்று நோக்கின், அவர்களுள் சிலருக்குக் கல்விக்கும் மன்றத்துக்கும் இடையே ஒரு படி அமைந்திருந்தமை புலனாகும். அப்படி காவல்துறை. காவலரைக் கண்டு அஞ்சி வாழ்ந்த குடியில் பிறந்தோர் காவல் அதிகாரிகளாகிப் பின் மக்கள் பிரதிநிதிகளானதும், அதனால் விளைந்த பயனும் இக்கட்டுரையில் ஆராயப்பெறுகின்றன.

கைரேகை வைத்த குடிகள்

ஆங்கில அரசு 1871 இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. தனிமனிதன் குற்றம் செய்தானா என்று ஆராயாமல், பிறப்பினாலேயே ஒரு குடி முழுவதையும் குற்றவாளியாக்கியது அச்சட்டம். பெயர்ப்பதிவு, கைரேகை, ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதிச் சீட்டு, காவல் நிலையத்தில் முறைதவறாது முகங்காட்டல் என அதன் பிடி நீண்டது. புதுக்கோட்டையில் கள்ளர் குலத்துத் தொண்டைமான்கள் அரியணையில் அமர்ந்திருந்த அதே காலத்தில், மதுரைப் பகுதியின் பிரமலைக் கள்ளர் இச்சட்டத்தின்கீழ்க் கைரேகை வைத்தனர் என்பது எண்ணத்தக்கது. குற்றம் குலத்தில் இல்லை, ஆள்வோரின் பார்வையில் இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நாடு முழுவதும் இச்சட்டம் 1952 இல் நீங்கியது.

இராசத்தானத்தின் மீனா பழங்குடியினரும் இவ்வாறே செயப்பூர் அரசின் சட்டத்தால் காவல் நிலையங்களில் தலைகுனிந்து நின்றவர்கள். அக்குடியில் பிறந்த அரீசு சந்திர மீனா, 2009 முதல் 2013 வரை அம்மாநிலக் காவல்துறையின் தலைமை இயக்குநராக இருந்தார். பாட்டன் காலத்தில் நிலையத்து வாயிலில் நிறுத்தப்பட்ட இனத்தின் மகனுக்கு, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் மாநிலத்தின் அத்தனை நிலையங்களும் கட்டுப்பட்டன. அவருடைய தமையனார் நமோ நாராயண் மீனாவும் இந்தியக் காவல் பணி அதிகாரியாக விளங்கியவரே. அவர் 2004 இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்று நடுவண் அரசில் இணையமைச்சரானார்.

எனினும் சட்டம் நீங்கியதும் அச்சம் நீங்கிவிடவில்லை. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி என்னும் மலைவாழ் மக்களின் ஊருக்குள் 1992 சூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்து நடத்திய கொடுமையை நாடறியும். பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றஞ்சாட்டப்பெற்ற 269 பேருள் உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என 2011 இல் தீர்ப்பு வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் அதனை 2023 இல் உறுதி செய்தது. நீதி கிட்ட இத்தனை ஆண்டுகள் ஆயின. சீருடை என்ற சொல் பழங்குடி மக்களின் உள்ளத்தில் எத்தகைய நினைவை எழுப்பும் என்பதை அறிந்த பின்னரே, அச்சீருடையை அணிந்த பழங்குடி மகனின் நிலையை நாம் அளவிட இயலும்.

இராமேசுவர் ஓரான்: மொழியால் நம் உறவினர்

இவ்வகையில் விரிவாக ஆராயத்தக்கவர் சார்க்கண்டு மாநிலத்தைச் சேர்ந்த டாக்டர் இராமேசுவர் ஓரான். அவர் பிறந்த ஓரான் குடியினரின் தாய்மொழி குருக். அது திராவிட மொழிக் குடும்பத்தின் வடபிரிவைச் சார்ந்தது. மால்தோ, பிராகுயி ஆகியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுவது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள் அதனைப் பேசுகின்றனர். சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தில் வாழும் இம்மக்கள் தொலைவால் அயலாரேனும் மொழியால் தமிழரின் உறவினர். ஆதலின் அவர்தம் வாழ்வைத் தமிழ்த்துறை மலரில் எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையதே.

1947 இல் பிறந்த இராமேசுவர் ஓரான், 1972 ஆம் ஆண்டுத் தொகுதியில் இந்தியக் காவல் பணியில் சேர்ந்தார். பீகார் மாநிலத்தில் பணியாற்றி, 2000 இல் சார்க்கண்டு தனி மாநிலமான பின்னர் அங்குக் கூடுதல் தலைமை இயக்குநர் நிலைக்கு உயர்ந்தார்.

அவர் பணிக்காலத்தில் நாடறிந்த நிகழ்வு ஒன்று உண்டு. 1990 அக்டோபர் 23 ஆம் நாள் விடியற்காலையில், பீகாரின் சமசுத்திபூர் நகரில், இரதயாத்திரை மேற்கொண்டிருந்த எல். கே. அத்வானி கைது செய்யப்பெற்றார். மாநில அரசின் அந்த ஆணையை நிறைவேற்ற அனுப்பப்பெற்றோர் இருவர். ஒருவர் இந்திய ஆட்சிப் பணியினரான ஆர். கே. சிங், மற்றவர் அப்போது காவல்துறைத் துணைத்தலைவராக இருந்த ஓரான். பின்னாளில் ஆர். கே. சிங் நடுவண் உள்துறைச் செயலராகி ஓய்வு பெற்று, 2013 இல் பாரதிய சனதா கட்சியில் சேர்ந்து மக்களவை உறுப்பினரும் அமைச்சருமானார். ஓரானோ காங்கிரசுக் கட்சியின் வழியே அரசியலுக்கு வந்தார். ஒரே விடியலில் ஒரே கடமையை ஆற்றிய இருவரும் எதிரெதிர் அணிகளில் நின்றனர். அதிகாரி ஆற்றும் கடமையிலிருந்து அவரது கட்சியைக் கணித்தல் தவறு என்பது இதனால் விளங்கும்.

அனைத்திந்தியப் பணியாளருக்கான 1968 ஆம் ஆண்டு நடத்தை விதிகள், பணியில் இருப்போர் கட்சி அரசியலில் ஈடுபடுவதைத் தடுக்கின்றன. ஆகவே பணியைத் துறந்த பின்னரே ஒருவர் தேர்தல் களம் காண இயலும். ஓரான் 2004 இல் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பெற்ற உலோகர்தகா தொகுதியில் நின்று மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அந்தத் தொகுதிக்கு ஒரு மரபு உண்டு. பொறியாளராக இருந்து அரசியலுக்கு வந்த கார்த்திக் ஓரான் முன்னர் வென்ற தொகுதி அது.

கட்டளையிடுவோரும் கணக்குக் கேட்போரும்

2008 இல் ஓரான் பழங்குடியினர் நல இணையமைச்சரானார். 2006 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டத்துக்கான விதிகள் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தன. காட்டில் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வாழ்ந்தும் ஆக்கிரமிப்பாளர் என்று விரட்டப்பட்டவர்களுக்கு, நிலத்தின்மீதும் வனவிளைபொருள்மீதும் உரிமை உண்டு என்று ஏற்ற சட்டம் அது. கிராம சபையே உரிமை கோருவோரின் விண்ணப்பங்களை முதலில் ஆராய வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. மேலிருந்து கட்டளை பெற்றுக் கீழே நிறைவேற்றும் பணியில் வாழ்ந்த ஒருவர், கீழிருந்து முடிவெடுக்கும் முறைக்குப் பொறுப்பேற்றார்.

2009 தேர்தலில் அவர் தோல்வியுற்றார். எனினும் 2010 இல் தேசியப் பழங்குடியினர் ஆணையத்தின் தலைவராக அமர்த்தப்பெற்றார். அரசியலமைப்பின் 338அ பிரிவின்கீழ் அமைந்த இவ்வாணையத்துக்கு, விசாரணையின்போது உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் உண்டு; அதிகாரிகளை அழைக்கலாம், ஆவணங்களைக் கேட்கலாம். ஒருகாலத்தில் வழக்குக்காகச் சாட்சிகளை அழைத்தவர், பழங்குடி மக்களின் முறையீட்டுக்காக அதிகாரிகளையே அழைத்துக் கணக்குக் கேட்கும் இருக்கையில் அமர்ந்தார். புலனாய்வில் எங்கே தாமதம் நுழையும், எந்தக் கோப்பு எங்கே உறங்கும் என்பதெல்லாம் உள்ளிருந்தவருக்கே தெரியும். காவல் அனுபவம் பொதுவாழ்வுக்குத் தரும் உண்மையான கொடை இதுவே எனலாம். பின்னர் 2019 இல் உலோகர்தகா சட்டமன்றத் தொகுதியில் வென்று சார்க்கண்டின் நிதியமைச்சராகவும் பணியாற்றினார்.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

கனடா நாட்டிலும் இத்தகைய வரலாறு உண்டு. அந்நாட்டுத் தொல்குடிகளின் வாழ்வை 1876 ஆம் ஆண்டின் இந்தியர் சட்டம் கட்டுப்படுத்தி வந்தது. ஈண்டு இந்தியர் என்பது அந்நாட்டுத் தொல்குடிகளைக் குறிக்கும். கிரீ என்னும் தொல்குடியைச் சேர்ந்த இராப் கிளார்க், கனடாவின் அரசக் குதிரைக் காவல் படையில் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றினார். 2008 இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்ற உறுப்பினரானார். காவலராக இருந்து தாம் நடைமுறைப்படுத்திய அதே சட்டத்தைத் திருத்தத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார்; அது 2014 இல் சட்டமாயிற்று. மேற்கு மாகாணங்களில் தொல்குடியினர் தம் விளைபொருளை விற்க அதிகாரியின் ஒப்புதல் பெறவேண்டும் என்பது போன்ற பழைய பிரிவுகள் அதனால் நீங்கின.

ஆயினும் தொல்குடித் தலைவர்கள் பலர் தங்களைப் போதிய அளவு கலந்து பேசவில்லை என்று குறைகூறினர். 2015 தேர்தலில் கிளார்க் தோற்றார். பிறப்பால் அக்குடியினர் என்பது மட்டும் அக்குடியின் சார்பில் பேசப் போதுமான தகுதி ஆகிவிடாது. அம்மக்களைக் கேட்டு, அவர்களோடு சேர்ந்து முடிவெடுத்தலே பிரதிநிதியின் கடமை என்பது இதனால் பெறப்படும் பாடம். ஆணையிட்டுப் பழகிய சீருடை வாழ்க்கையிலிருந்து வருவோர் கற்றுக்கொள்ள வேண்டிய முதற்பாடமும் அதுவே.

நம் மாவட்டத்தை நோக்கி

இனி நம் நிலையைக் காண்போம். மக்களவையின் 543 இடங்களுள் 47 பழங்குடியினருக்கு ஒதுக்கப்பெற்றவை. தமிழகத்தின் 39 இடங்களுள் அவற்றில் ஒன்றும் இல்லை. 2011 கணக்கின்படி நம் மாநில மக்கள்தொகையில் பழங்குடியினர் 1.1 விழுக்காட்டினரே ஆதலின் இந்நிலை. சட்டமன்றத்தில் ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டு தொகுதிகள் உள்ளன. புதுக்கோட்டைக்கோ அதன் பெயரால் அமைந்த மக்களவைத் தொகுதியே இல்லை. 2008 ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறைக்குப் பின் நம் மாவட்டம் திருச்சிராப்பள்ளி, சிவகங்கை, இராமநாதபுரம், கரூர் என நான்கு தொகுதிகளில் பங்கிடப்பெற்றுள்ளது.

நம் மாவட்டத்திலும் நரிக்குறவர் குடியிருப்புகள் உள்ளன. பாசிமணி கோத்தும் ஊர் ஊராக அலைந்தும் வாழ்ந்த அம்மக்கள் பழங்குடிப் பட்டியலில் இடம் வேண்டி நெடுங்காலம் காத்திருந்தனர். 2022 திசம்பரில் நாடாளுமன்றம் அதற்கான திருத்தத்தை நிறைவேற்றியது. 2023 சனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. இதனால் நடுவண் அரசின் கல்வியிலும் பணிகளிலும் 7.5 விழுக்காடும், மாநில அரசில் 1 விழுக்காடும் உள்ள ஒதுக்கீட்டில் அவர்தம் பிள்ளைகள் போட்டியிடலாம்.

ஆனால் சான்றிதழ் வழியைக் காட்டுமேயன்றி, நடந்து தராது. உதவி ஆய்வாளர் தேர்வு எழுதப் பட்டம் வேண்டும். பட்டம் பெறக் கல்லூரி வேண்டும். கல்லூரிக்கு வரப் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளியில் தங்க வேண்டும். பெற்றோர் வணிகத்துக்கு ஊர் மாறும்போது பிள்ளையின் படிப்பும் அறுந்துபோகிறது. விடுதி வசதியும், பரிவுள்ள ஆசிரியரும் இல்லையேல் இச்சங்கிலி முதற் கண்ணியிலேயே அறுந்துவிடும்.

தனித்தொகுதி இல்லாத இடத்தில் பழங்குடி ஒருவர் மக்களவைக்குச் செல்ல இயலுமா என்ற ஐயம் எழலாம். நமோ நாராயண் மீனா 2009 இல் போட்டியிட்ட தோங்கு-சவாய் மாதோபூர் பொதுத் தொகுதியே. 317 வாக்குகள் வேறுபாட்டில் அங்கு அவர் வென்றார். அவர் தம்பி அரீசு சந்திர மீனாவும் 2024 இல் அதே பொதுத் தொகுதியில் வெற்றி பெற்றார். அம்மாநிலத்தில் அவர்தம் இனத்தவர் தொகை மிகுதி என்பது உண்மையே. நம்மிடையே அத்தொகை இல்லை. ஆகவே இங்கு அத்தகைய வெற்றி பிற சமூகத்தாரின் மனமுவந்த ஆதரவாலன்றிக் கைகூடாது. பொறுப்பு அவர்களுடையது மட்டுமன்று, நம்முடையதுமாகும்.

முடிவுரை

காவலர் பிறர் இயற்றிய சட்டத்தை நிறைவேற்றுவார். அதன் நிறைகுறைகளை நேரில் காண்பார். ஆனால் அதனை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. அவ்வதிகாரம் மன்றத்தில் உள்ளது. காவல் நிலைய வாயிலில் நின்ற குடியின் துயரையும், நிலையத்துக்குள் அமர்ந்த அதிகாரியின் அறிவையும் ஒருங்கே கொண்டவர் மன்றம் புகும்போது, அங்கே பேசப்படும் சட்டத்துக்கு உண்மையின் எடை கூடுகின்றது. மக்களைக் கேட்டு நடந்தால் அது பயன் தரும். கேளாது நடந்தால் தோல்வி தரும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்பில் நாளை ஒரு நரிக்குறவர் இளைஞர் வந்து அமரக்கூடும். அவருக்கு உங்கள் பக்கத்தில் இடம் கொடுங்கள். சமுதாயப் பெரியோர்களே, கல்லூரிக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் நீங்கள் வழங்கும் உதவியில் அவருக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். அன்று மன்னர் கல்லூரியில் ஒருத்திக்குத் திறந்த கதவு ஒரு சட்டத்தையே மாற்றியது. நாம் திறக்கும் கதவின் வழியே யார் வருவார், எம்மன்றம் ஏறுவார் என்பதை இன்று நாம் அறியோம். திறந்து வைத்தல் நம் கடன்.