பணியிடத்தில் வசைமொழி: சங்கத்தார் அறிய வேண்டியவை

கூட்டுறவுச் சங்கத்தில் பணம் புழங்குகிறது, சரக்குப் புழங்குகிறது, சொல்லும் புழங்குகிறது. பணத்துக்கு ரொக்கப் புத்தகம் உண்டு. சரக்குக்கு இருப்புப் பதிவேடு உண்டு. சொல்லுக்கு மட்டும் யாதொரு பதிவேடும் இல்லை. ஆயினும் அங்கத்தினர் சிலர் சரக்குக் கொண்டுவருவதை நிறுத்திக்கொள்வதற்கும், மகாசபைக் கூட்டத்தில் பாதிப்பேர் வாய் திறவாமல் அமர்ந்திருப்பதற்கும் காரணம் தேடினால், அது கணக்கிலன்றிச் சொல்லிலே அகப்படுவது உண்டு.

வேலை செய்யுமிடத்தில் வசைச்சொல் எழாத ஊர் இல்லை. ஆனால் எல்லாப் பணியிடங்களும் அதனை ஒரே அளவில் பொறுத்துக்கொள்வதில்லை. ஓரிடத்தில் சிரிப்புக்குரியதாகும் சொல், வேறோரிடத்தில் வேலைநீக்கத்துக்கும் வழக்குக்கும் காரணமாகிறது. இவ்வேறுபாடு ஏன் தோன்றுகிறது என்பதையும், நம் சங்கங்கள் எந்நெறியைக் கைக்கொள்ளத் தக்கது என்பதையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

வசையின் மூன்று வகை

முதலாவது, எவரையும் நோக்காத சொல். புணி பிணைக்கையில் இழை மீண்டும் மீண்டும் அறுகிறது. சரிவில் இறங்குகையில் கால் கல்லில் மோதுகிறது. அப்போது வாயினின்று வரும் சொல் வலியின் ஒலியேயன்றி வேறன்று.

இரண்டாவது, ஒத்தவர்களுக்குள் உரிமையாகப் பரிமாறப்படும் சொல். ஒரே கூடத்தில் பல ஆண்டு தறி மிதித்த இருவர் ஒருவரையொருவர் அழைக்கும் முறையை அயலார் கேட்டால் சண்டை என்றே எண்ணுவர். அவர்களுக்கோ அது நட்பு.

மூன்றாவது, ஒருவரைத் தாழ்த்தும் பொருட்டு அவர்மீது எறியப்படும் சொல். அவருடைய பிறப்பையோ, சாதியையோ, தாயையோ, உடற்குறையையோ, வறுமையையோ சுட்டுவது இவ்வகை.

தமிழில் இன்னொரு நுட்பமும் உண்டு.  நம் மொழியில் கெட்ட சொல் ஒன்றேனும் இல்லாமலே ஒருவரை இழிவுபடுத்த இயலும். வயதில் மூத்தவரை ‘நீ’ என்பதும், ‘வா’, ‘போ’ என்று ஒருமையில் ஏவுவதும், ‘டா’, ‘டீ’ என முடிப்பதும் போதுமானவை. ‘ங்க’ சேர்த்துப் பேசுதலையே மரியாதையின் அடையாளமாகக் கொண்ட சேலத்துச் சீமையில், அந்த ஈறு குறைந்தால் அது காதில் அறைந்தாற்போல் விழும். ஆகவே வசை என்று நாம் கூறும்போது ஆபாசச் சொற்களை மட்டுமன்றி, இவ்விழிந்த விளியையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

பிற நாட்டார் ஆராய்ந்து கண்டவை

இங்கிலாந்திலுள்ள கீல் பல்கலைக்கழகத்தார் 2009-ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். மாணவர்கள் மிகக் குளிர்ந்த நீரில் கையை அமிழ்த்தி வைத்திருந்தனர். சாதாரணச் சொல் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கூறியபோது தாங்கிய நேரத்தைவிட, வசைச்சொல்லைக் கூறியபோது அதிக நேரம் தாங்கினர். 2011-இல் வெளிவந்த தொடர் ஆராய்ச்சி, அன்றாடம் மிகுதியாக வசை பேசுவோருக்கு இப்பயன் குறைவு என்று காட்டியது. மருந்தையே உணவாக உண்பவனுக்கு நோய் வந்தபோது மருந்து பலிக்காதது போன்றது இது.

நியூசிலாந்தில் ஒரு சோப்புத் தொழிற்சாலையின் தொழிலாளர் பேச்சைப் பதிவு செய்து மொழியறிஞர்கள் 2004-இல் கட்டுரை வெளியிட்டனர். ஒரே குழுவினர் தமக்குள் கடுஞ்சொற்களைத் தாராளமாக வழங்கினர். அது அவர்களுடைய ஒற்றுமையின் குறியாயிருந்தது. ஆனால் குழுவுக்குப் புறம்பானவர்களிடம் பேசுகையில் அச்சொற்களை அவ்வாறு வழங்கவில்லை. இங்கிலாந்தில் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பரூக், ஜென்கின்ஸ் என்னும் இருவர் 2007-இல் வெளியிட்ட கட்டுரையும் இதனையொட்டியதே. வசை சில பணியிடங்களில் மனச்சுமையைத் தணித்துத் தோழமையை வளர்க்கிறது. எனவே கண்மூடித்தனமாகத் தடுப்பது மேலாளருக்கு நன்மை பயவாது என்பது அவர்கள் கருத்து.

இவ்வாராய்ச்சிகளைப் படித்து, “மேல்நாட்டாரே வசை நல்லது என்று கூறிவிட்டனர்” என முடிவு கட்டுவது தவறாகும். அவர்கள் கண்ட நன்மை, மேலே கூறிய முதலிரு வகைகளுக்கே உரியது. திருப்பிச் சொல்ல இயலாதவர்மீது விழும் மூன்றாம் வகையில் தோழமைக்கு இடமேது? ஒத்தவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் உண்டு. மேலவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லை. வேறுபாடு அனைத்தும் இதிலே அடங்கியிருக்கிறது.

தோட்டத்தில்

சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை நுழைத்தவர் 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை என்பது அனைவரும் அறிந்ததே. காப்பியும் தேயிலையும் பரவிய இடங்களிலெல்லாம் அவற்றோடு ஏணிப்படி போன்ற ஓர் அதிகார வரிசையும் பரவிற்று. மேலே துரை, அடுத்து ரைட்டரும் கணக்கப்பிள்ளையும், அதன்கீழ் மேஸ்திரி அல்லது கங்காணி, அடியில் கூலியாள். வசை இவ்வேணியில் இறங்குமேயன்றி ஏறாது. துரை ரைட்டரைக் கடிந்தால், அது மேஸ்திரியின் வாயில் இருமடங்காகி, கூடை சுமந்த பெண்ணின்மீது நான்மடங்காக விழும்.

இலங்கைத் தோட்டங்களில் இதற்குக் கடனும் துணை நின்றது. தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு இருந்தவரையில், கடனைத் தீர்க்காமல் அவர் வேறு தோட்டம் செல்ல இயலவில்லை. ஏசினாலும் போக்கிடமில்லை என்று அறிந்த இடத்தில் ஏசுபவனுக்கு அச்சமும் இல்லை. அத்துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் தமிழிலும் வந்துள்ளது. அடியும் வசையும் எவ்வாறு நிர்வாகக் கருவிகளாகவே வழங்கின என்பதை அதில் காணலாம்.

இக்காலத்தில் நிலைமை பெரிதும் மாறியுள்ளது. ஆள் பற்றாக்குறை மிகுந்த பருவத்தில், பழம் பறிக்க வருபவர் மரியாதை கிடைக்கும் தோட்டத்தையே நாடுவர். ஒற்றை மூங்கில் ஏணியின்மேல் நின்று மிளகு பறிப்பவரைக் கீழிருந்து அதட்டுவது பண்பின்மை மட்டுமன்று, ஆபத்துமாகும். கவனம் சிதறினால் கால் தவறும். ஆயினும் மாலையில் எடை போடும் வேளை இன்றும் வசைக்குரிய வேளையாகவே இருக்கிறது. களைத்த உடல், வரிசையின் நெருக்கம், கூலி குறையுமோ என்னும் ஐயம் ஆகிய மூன்றும் கூடும் நேரம் அது.

தறியகத்தில்

அம்மாபேட்டை, குகை முதலிய இடங்களில் நெசவாளருக்கு வீடும் பணியிடமும் ஒன்றாயிருந்த வழக்கம் பழையது. குழித்தறியில் கணவன் இருக்க, மனைவி தார் சுற்ற, முதியவர் திண்ணையில் இருக்க, குழந்தை அருகே விளையாடும். அங்குச் சொல் தானாகவே அடங்கி நிற்கும். பாவு ஆற்றும்போது தெருவே கூடி நிற்க வேண்டும். பிடித்தவர் ஒருவர் கோபித்து விட்டுச் சென்றால் பாவு முழுவதும் கெடும். ஆகவே அங்கும் ஒருவரையொருவர் சார்ந்திருத்தல் நாவுக்குக் கடிவாளமாகிறது.

விசைத்தறிக் கூடத்தின் நிலை வேறு. இரைச்சலில் மெல்லப் பேசினால் கேளாது. உரக்கப் பேசும் பழக்கம், கடுமையாகப் பேசும் பழக்கமாக எளிதில் மாறிவிடும். முன்பணம் கொடுத்தவர் முதலாளியாகவும் வாங்கியவர் தறி ஓட்டுபவராகவும் இருப்பின், பழைய துண்டுச் சீட்டின் நிழல் அங்கும் விழும்.

சட்டம் கூறுவது

வேலையை இழக்கத்தக்க குற்றமா வசை? உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் சூழ்நிலைக்கேற்ப வேறுபட்டுள்ளன. 1982-இல் உத்தரப் பிரதேசத்து வழக்கொன்றிலும், 1984-இல் கேபிள் தொழிற்சாலை ஊழியர் ஒருவரின் வழக்கிலும், தகாத சொல் பேசியதற்காக வேலையினின்று நீக்குவது குற்றத்தை விஞ்சிய தண்டனை என்று நீதிமன்றம் கூறிற்று. 2005-இல் மகிந்திரா அண்டு மகிந்திரா நிறுவனத்தின் வழக்கிலோ, பிறர் முன்னிலையில் மேலதிகாரியை ஒருமுறைக்கு மேல் இழிசொல்லால் ஏசிய தொழிலாளியின் நீக்கம் செல்லுமென்று தீர்ப்பாயிற்று. என்ன சொல், எத்தனை முறை, யார் முன்னிலையில், முன்பு குற்றமுண்டா என்பவற்றை எடைபோட்டே முடிவு செய்யப்படுகிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவு, பொது இடத்தில் பிறருக்கு எரிச்சலூட்டும்படி ஆபாசச் சொல் கூறுவதற்கு மூன்று மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. எனினும் எல்லா ஏச்சும் ஆபாசமாகாது. காம உணர்வைத் தூண்டும் தன்மை வேண்டும் என்று 2022-இல், முந்தைய சட்டத்தின் 294-ஆம் பிரிவு பற்றிய தமிழ்நாட்டு வழக்கில், உச்ச நீதிமன்றம் விளக்கியுள்ளது.

சாதிப் பெயரால் ஏசுவது முற்றிலும் வேறு. சேலம் மாவட்டத்து மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர் ஆவர். அவர்களையோ பட்டியல் சாதியினரையோ, அப்பிரிவுகளைச் சாராத ஒருவர், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரால் ஏசினால், 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. பலர் கூடி நிற்கும் சங்க எடைக்கூடமும் மகாசபையும் அத்தகைய இடங்களே என்பதை நிர்வாகஸ்தர்கள் மறத்தலாகாது.

பெண்களிடம் பாலியல் தன்மையுள்ள சொல் பேசுவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தலாகும். பத்துப்பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில் உள்ளகக் குழு இருத்தல் வேண்டும். அதற்குக் குறைந்த இடத்திலுள்ளோர் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடுதல் பொது விதி.

சங்க அலுவலகத்தில்

மலைச்சரக்குக் கொள்முதல் செய்யும் ஒரு சங்கத்தின் ஏடுகளை யான் பார்வையிட்டபோது, பாக்கி ஏதுமில்லாத ஒரு விவசாயி இரண்டு பருவமாக மிளகு கொண்டுவராதிருந்ததைக் கண்டேன். கேட்டதற்கு அவர் கூறியது இது: “வியாபாரி வெலை கொறைச்சுத்தான் குடுக்கிறாருங்க. ஆனா ‘வாங்க, உக்காருங்க’ன்னு சொல்றாருங்க. இங்க எம் மகன் முன்னாலயே ‘ஏய், அந்தப் பக்கம் போ’ன்னாங்க.” வியாபாரியின் இன்சொல் இலவசமன்று, அதன் விலை ஒவ்வொரு மூட்டையிலும் கழிக்கப்படுகிறது. அதனை அவரும் அறிவார். அறிந்தே கொடுக்கிறார். தம் சொந்தச் சங்கத்தில் கிடைக்க வேண்டியதை வெளியில் விலைக்கு வாங்கும் நிலை அங்கத்தினருக்கு நேரலாமா?

எழுத்தர் பக்கத்தையும் கூறுதல் நியாயம். எடை குறைந்தால் பொறுப்பு அவருடையது. ஈரமான சரக்கை ஏற்றால் இழப்பு அவர் தலையில் விழும். துணியில் கரை இழுத்திருப்பதைச் சுட்டினால் நெசவாளர் அவரைத் திருடன் என்கிறார். கூட்டத்தில் அங்கத்தினர் பேசும் பேச்சும் எப்போதும் தேன் அன்று. இருபுறமும் அஞ்சி நிற்பவரே முதலில் சீறுகிறார்.

இதனை நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். வசை பெரும்பாலும் மறைவான முடிவிலிருந்து பிறக்கிறது. எடைமுள் அங்கத்தினர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஐயம் பிறக்கிறது, ஐயம் கேள்வியாகிறது, கேள்வி அவமதிப்பாகக் கொள்ளப்படுகிறது, பின்னர் நா வழுக்குகிறது. ஆகவே இன்சொல் பேசுமாறு அறிவுரை கூறுவதோடு நில்லாமல், நடைமுறையையும் திருத்துதல் அவசியம்.

கைக்கொள்ளத் தக்க முறைகள்

1. எடைக்கருவியின் எண் அங்கத்தினர் பக்கம் நோக்கியிருக்குமாறு வைத்தல் வேண்டும். ஈரப்பதம் அளக்கும்போதும் அவரைக் காணச் செய்தல் வேண்டும்.

2. கூலியிலோ விலையிலோ பிடித்தம் செய்தால், காரணத்தைச் சீட்டில் எழுதி, படிக்க இயலாதவருக்குப் படித்துக் காட்டுதல் வேண்டும்.

3. வந்தவர் உட்கார ஒரு பலகையும், குடிக்க நீரும், வரிசைக்கு எண்ணும் இருத்தல் நன்று. நின்று களைத்தவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது முறையன்று.

4. தலைவர் முதல் காவற்காரர் வரை எவரும் எவரையும் ஒருமையில் விளிப்பதில்லை என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, அதனைச் சுவரில் எழுதுதல் வேண்டும். இவ்விதி அங்கத்தினருக்கும் பொருந்தும்.

5. புகாரை எழுத்திலோ வாய்மொழியிலோ ஏற்று, இருதரப்பையும் கேட்டு, முடிவைக் குறிப்பேட்டில் பதிதல் வேண்டும். முதல் தவறுக்கு எச்சரிக்கை. திரும்பத் திரும்பச் செய்வாருக்கு உரிய நடவடிக்கை.

6. இழை அறுந்ததற்கு முணுமுணுப்பவரையும், நண்பர்களின் கேலியையும் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. எனினும் கேலியைக் கேட்டிருக்கும் மூன்றாமவர் முகம் வாடினால், அது கேலி என்னும் எல்லையைக் கடந்துவிட்டது.

வள்ளுவர் இனியவை கூறலை அறத்துப்பாலில் எல்லாருக்கும் பொதுவாக வைத்தார். கடுஞ்சொல்லின் கேட்டையோ, பொருட்பாலில் ‘வெருவந்த செய்யாமை’ என்னும் அதிகாரத்தில் ஆள்வோருக்கு உரைத்தார். அதிகாரம் உடையவன் வாய்ச்சொல்லே அதிகம் சுடும் என்பதை அவ்வைப்புமுறை உணர்த்துகிறது. கூட்டுறவில் ஒருவருக்கு ஒரு வாக்கு. நூறு பங்கு உடையவரும் ஒரு பங்கு உடையவரும் ஒரே கையைத்தான் தூக்குகின்றனர். கை சமமாக உயரும் இடத்தில், விளிக்கும் சொல் மட்டும் ஏற்றத்தாழ்வாக இருத்தல் எங்ஙனம் பொருந்தும்?

கலந்துரையாடுவதற்குரிய வினாக்கள்

1. உங்கள் சங்கத்தில் கடுஞ்சொல் எழும் நேரம் எது? எடை போடும்போதா, துணி வாங்கும்போதா, கடன் தவணையின்போதா?

2. சென்ற மகாசபைக் கூட்டத்தில் பேசாதிருந்தவர் யாவர்? அவர்களிடம் காரணம் கேட்டதுண்டா?

3. சரக்குக் கொண்டுவருவதை நிறுத்திய அங்கத்தினர் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, ஒவ்வொருவரையும் நேரிற் கண்டு வருவதற்கு யார் யார் முன்வருவர்?