குகைமேல் எழுந்த துறவியர் மடம்

கோபர்கைரனேயின் மேற்கே தானே கடற்கழி உள்ளது. கழிக்கு அப்பால் தெரியும் நிலம் முற்காலத்தில் ஒரு தனித் தீவு. அதன் பெயர் சால்செட். இன்று மின்தொடர்வண்டி நின்று செல்லும் தானே, முலுண்டு, அந்தேரி, போரிவலி ஆகிய ஊர்கள் யாவும் அத்தீவில் அமைந்தவையே. 1534ஆம் ஆண்டு குசராத்துச் சுல்தான் பகதூர் ஷா செய்துகொண்ட உடன்படிக்கையால் வசாயும் அதனைச் சார்ந்த சால்செட்டும் போர்ச்சுக்கீசியர் வசமாயின. படைவீரரைத் தொடர்ந்து பிரான்சிஸ்கன் சபைத் துறவியரும் அங்கு வந்து சேர்ந்தனர்.

அச்சபையை 1209ஆம் ஆண்டில் தொடங்கியவர் இத்தாலி நாட்டின் அசிசி நகரத்துப் பிரான்சிசு. அவருக்கு முன்னிருந்த துறவியர் பலர் ஊருக்குத் தொலைவில் நிலபுலங்களோடு கூடிய மடங்களில் வாழ்ந்தனர். பிரான்சிசின் வழிவந்தோரோ நகரத்துக்குள்ளேயே தங்கினர். உடைமை ஏதுமின்றி, ஐயமேற்று உண்டு, மக்களுக்குச் சமயவுரை ஆற்றினர். அவர்தம் கட்டடங்களின் அமைப்புக்கு இவ்வாழ்க்கையே காரணம். உரை கேட்கக் கூட்டம் கூடுமாதலால், தூண்கள் பார்வையை மறைக்காத அகன்ற நீள்கூடமாகக் கோவிலை அமைத்தனர். கோவிலை ஒட்டிச் சதுரமான திறந்த முற்றம் இருக்கும். அதன் நாற்புறமும் வளைவுகள் தாங்கிய நடைவழி சுற்றிவரும். தமிழ்நாட்டுப் பழைய வீடுகளின் முற்றத்தையும் அதைச் சூழ்ந்த தாழ்வாரத்தையும் கண்டவருக்கு இவ்வமைப்பு புதிதாகத் தோன்றாது. அந்நடைவழியிலிருந்தே உணவுக்கூடத்துக்கும் கூடிப்பேசும் அறைக்கும் வாயில்கள் திறக்கும். உறங்கும் அறைகள் பெரும்பாலும் மாடியில் இருக்கும்.

வசாய்க் கோட்டைக்குள் இச்சபையார் கட்டிய புனித அந்தோணியார் கோவில் இன்று கூரையிழந்து நிற்கிறது. அதன் தரையெங்கும் போர்ச்சுக்கீசியப் பெருமக்களின் கல்லறைக் கற்கள் பதிந்துள்ளன. உடைமை துறந்தோரின் கூடத்தில் செல்வர்களின் பெயர்களே நிறைந்திருப்பது வியப்புக்குரியது!

போரிவலிக்கு அருகில் உள்ள மண்டபேசுவரத்தின் கதை வேறு. அங்கு ஒரு சிறு குன்றைக் குடைந்து அமைத்த சிவன் கோவில் உண்டு. ஆய்வாளர்கள் அதன் காலத்தை 6 முதல் 8ஆம் நூற்றாண்டு வரை பலவாறு கணிப்பர். தூண்கள் நிறைந்த முன்மண்டபம், உள்ளே கருவறை, பக்கங்களில் சிற்றறைகள் என அது விரிகிறது. ஓர் அறையின் சுவரில் ஆடும் சிவபெருமானின் பெரிய புடைப்புச் சிற்பம் உள்ளது. சோழர் செப்புத்திருமேனிகளில் காணும் தீச்சுடர் வளையம் இதில் இல்லை. தில்லைக் கூத்தனையே கண்டு பழகிய தமிழ்க் கண்ணுக்கு இவ்வடிவம் சற்று அயலாகத் தோன்றலாம். ஆயினும் சோழர் செப்புத்திருமேனிகளுக்கு இது காலத்தால் முற்பட்டது.

16ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தோனியோ தோ போர்த்தோ என்னும் பிரான்சிஸ்கன் துறவி இக்குகையைக் கிறித்தவக் கோவிலாக மாற்றினார். குன்றின்மேல் துறவியர் மடமும் கல்லூரியும் எழுந்தன. மலையைக் குடைந்து முன்னோர் உண்டாக்கிய வெற்றிடத்தின் மேல், கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு உயர்ந்த சுவர்கள் எழுப்பப்பட்டன. ஒன்று பாறையைக் குறைத்துச் செய்த கட்டடம். மற்றொன்று கல்லைக் கூட்டிச் செய்த கட்டடம். இவ்விரு கலைகளும் ஒரே குன்றில் மேலும் கீழுமாக நிற்பதைக் காண்பது அரிது.

வழிபட்டு வந்த மக்களுக்கு அம்மாற்றம் பேரிழப்பு. அதை மறைத்துக் கூறுதல் வரலாறாகாது. குகைச் சிற்பங்கள் சில சுவராலும் சுண்ணப்பூச்சாலும் மறைக்கப்பட்டன. ஆனால், மறைக்க எழுந்த அப்பூச்சே அவற்றுக்குக் காப்பாகவும் அமைந்தது. மராட்டியர் 1737இல் தானேயையும், 1739 மே மாதத்தில் சிமாஜி அப்பாவின் தலைமையில் வசாய்க் கோட்டையையும் கைப்பற்றினர். அதன்பின் மடம் ஆளற்றுப் போயிற்று, கூரை சரிந்தது. கூத்தனின் உருவம் மீண்டும் வெளிச்சம் கண்டது, கைகள் பல சிதைந்த நிலையில்.

இன்று அக்குகை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. குகையின் மேல் சாளரத் திறப்புகளோடு கூடிய மடத்தின் மொட்டைச் சுவர்கள் நிற்கின்றன. குகையின் வெளிச்சுவர் ஒன்றில் துறவியர் காலத்துச் சிலுவை செதுக்கப்பட்டிருக்கிறது. அதையும் எவரும் அகற்றவில்லை.

சொற்பொருள்
கழி – நிலத்துள் புகுந்த கடல்நீர்ப் பகுதி
ஐயம் – பிச்சை
புடைப்புச் சிற்பம் – சுவரிலிருந்து முன்தள்ளி நிற்கும் சிற்பம்

பயிற்சி
1. துறவியர் கோவிலின் கூடம் அகலமாக அமைந்ததன் காரணம் யாது?
2. “மறைக்க எழுந்த பூச்சே காப்பாகவும் அமைந்தது” – விளக்குக.
3. மண்டபேசுவரத்தின் மடச் சுவர்களை இடித்துக் குகையை மட்டும் காக்க வேண்டுமா? இரு பக்கக் கருத்துகளையும் எழுதுக.