மாரி வருகிறது: சீமையத்தி வளர்ப்போர் உடனே செய்யவேண்டுவன

மானிப்பாய்ப் பகுதி வீட்டுத்தோட்டக்காரர்களுக்கான ஐப்பசி மாத ஆலோசனை

சோளகம் ஓய்ந்து, கொண்டல் தலைகாட்டி, மாலைவேளைகளிற் கீழ்வானத்தில் மேகம் திரளத் தொடங்கியிருக்கும் இந்நாளில், முற்றத்துச் சாடிகளில் இரண்டு மூன்று சீமையத்திக் கன்றுகளை வைத்துப் பிள்ளைபோற் பேணிவருவோருக்கும், ஓரினத்தோடு தொடங்கி நாளடைவிற் பல இனங்களைச் சேர்த்துவைக்கும் ஆசை கொண்டோருக்கும் சில வார்த்தைகள் சொல்லவேண்டியது அவசியமாகின்றது. சென்ற மாரியின் பின் வீடு வீடாய்ச் சென்று பார்த்த சேதமே இதனை எழுதத் தூண்டியது. பூச்சியால் மடிந்த கன்றுகள் சில. துருநோயால் இலையுதிர்ந்து பின்னர் தேறியவை சில. ஏனையவெல்லாம் தண்ணீரால் மடிந்தன. ஆதலால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம், சலிப்பு வந்தாலும் இறுதிவரை திரும்பத் திரும்பச் சொல்வோம்: சீமையத்தியின் வேரடியில் நீர் நிற்கலாகாது.

இம்மரம் நமது மண்ணுக்குப் பகையானதன்று. மேற்காசியாவின் வறண்ட குன்றுச்சாரல்களிற் சுண்ணாம்புக் கற்பிளவுகளுக்கிடையே வேரோடி வளர்ந்த குலத்திற் பிறந்த இவ்விருட்சத்துக்கு, அடியிலே சுண்ணக்கல்லும் மேலே செம்மண்ணும் தலைக்குமேற் கொளுத்தும் வெயிலுமாக உள்ள நம் குடாநாடு பிறந்தகத்தை ஒத்ததே. வேறு பழமரங்களை மஞ்சளிக்கச் செய்யும் நமது கிணற்றின் சவர்நீரையும் இது ஓரளவுக்குப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஆண்டு முழுவதிலும் நமக்குக் கிடைக்கும் ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்னும் மூன்று மாதங்களிற் கொட்டித் தீர்த்துவிடுகிறதே, அம்மூன்று மாதங்களே இதற்குக் கண்டம். ஒன்பது மாதம் வெயிலில் வளர்த்ததை மூன்று மாத வெள்ளத்திற் பறிகொடுப்பவர் மரத்தையும் மண்ணையும் நொந்து பயனில்லை.

நம்மவர் இவ்வாறு தவறுவதற்கு இரண்டு பழைய எண்ணங்கள் காரணமாயிருக்கின்றன. ஒன்று, அத்தி என்றதும் ஆற்றோரத்தில் நீரைக் குடித்துக் கொழுத்து நிற்கும் நாட்டத்தியை நினைப்பது. ஆல், அரசு, இத்தியோடு சேர்த்து நாற்பாமரமென்று வைத்தியர் எண்ணும் அந்த நாட்டத்தி வேறு. உலர்பழமாய்க் கடையில் வாங்கும் சீமையத்தி வேறு. குலம் ஒன்றாயினும் சுபாவம் ஒன்றன்று. நமது ஊர்க் கோயிலுக்குப் பெயரளித்த மருதமும் நீர்க்கரை மரந்தான். அதற்காக மருதம் நிற்கும் இடமெல்லாம் மாதுளையும் நிற்கும் என்று எவரேனும் சொல்வாரா?

மற்றது, கதியால் போட்டுப் பழகிய கை. கிளுவையையும் பூவரசையும் முள்முருங்கையையும் முதல்மழை விழுந்த கையோடு வேலியோரத்தில் ஊன்றிவிட்டு, பிறகு திரும்பியும் பாராமல், தையில் அவை துளிர்த்திருக்கக் கண்டு மகிழ்ந்த நாம், அத்தித் தடியையும் அவ்வாறே ஈரமண்ணிற் செருகிவிடுகிறோம். அத்தித் தடியின் நடுவே இருப்பது மிருதுவான சோறு. குளிர்ந்த ஈரத்தில் ஒரு வாரம் கிடந்தால் அது கறுத்து, விரலால் நசுக்கினால் நீர் கசியும் பதத்துக்கு அழுகிவிடும். வேலிக்குக் கதியால் போடுங்கள். அத்தியைக் கதியால்போல் நடாதீர்கள்.

வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணின் துகள்களுக்கிடையே உள்ள காற்றே அதற்கு உயிர். அவ்விடைவெளிகளையெல்லாம் நீர் நிரப்பிச் சில நாள் நின்றுவிட்டால், நுனிவேர்கள் மூச்சடங்கி மடிய, மடிந்த வேரிற் பூசணம் பற்றி, அழுகல் மேல்நோக்கி ஏறிவிடுகிறது. வேர் இறந்த மரம் நீரை உறிஞ்ச மாட்டாமையால் அதன் இலைகள் தாகத்தில் வாடியவைபோலவே தொங்குகின்றன. பிரத்தியட்சமாய்க் கண்ணுக்குத் தெரியும் அந்த வாட்டமே நம்மை ஏமாற்றுகிறது. நவாலிப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டிற் சென்ற கார்த்திகையிற் கண்டது இதுவே. அடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள், சாடியின் கீழ்த்தட்டில் நீர் தளும்பி நிற்க, அவர் செம்பு கொண்டு மேலும் வார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் மாஸ்ரர், மழை பெய்தது போதாதா?” என்றேன். “இலை வாடிக் கிடக்குது தம்பி, அதுதான் ஊத்திறன்” என்றார். கன்றைச் சாடியோடு கவிழ்த்துக் காட்டினேன். வேரென்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. நாற்றம் மட்டுமே இருந்தது. அன்பினாற் கொன்றாலும் கொலை கொலைதான்.

இன்னொரு மறைவான ஆபத்து உண்டு. மேலே மண் காய்ந்திருந்தாலும் கீழே நீர் ஏறிநிற்கும். நமது குடாநாட்டில் மழைநீர் செம்மண் வழியே இறங்கிச் சுண்ணக்கற் பொந்துகளில் தங்குவதால், கோடையிற் பாதாளத்தில் இருந்த கிணற்று நீர் மார்கழியிற் கைக்கெட்டும் அளவுக்கு உயர்ந்துவிடுகிறது. உங்கள் கிணறே உங்களுக்குச் சோதிடம் சொல்லும்: மார்கழியில் அதன் நீர்மட்டம் எங்கே நிற்கிறதோ, அதற்குக் கீழே உங்கள் அத்திக்கு நிலம் இல்லை. சண்டிலிப்பாய், நவாலிப் பக்கத்தில் வழுக்கையாற்றை அண்டிய தாழ்நிலக்காரர் இதனை இருமுறை வாசிக்கவேண்டும். 2008 நவம்பரில் நிஷா புயல் பொழிந்தபோது நமது வளவுகளில் வெள்ளம் எங்கெங்கே நின்றதென்று வீட்டிற் பெரியவர்களைக் கேளுங்கள். அந்த இடங்களில் அத்தி வைக்காதீர்கள்.

இப்போதே செய்யவேண்டியவை

1. சாடியின் கீழிருக்கும் தட்டை எடுத்துவிடுக. இன்றே.

2. சாடியை இரண்டு செங்கல்லின்மேல் ஏற்றுக. துளைகள் திறந்திருக்கின்றனவா என்று கம்பியாற் குத்திப் பார்க்க. பழைய வாளியில் வளர்ப்போர் அடியில் அரையங்குலத் துளை ஐந்தாறு இடுக. ஒரு துளை போதாது.

3. ஓராண்டு நிரம்பாத கன்றை இந்த மாரியில் நிலத்தில் நடவேண்டாம். மாரி முழுதும் சாடியிலேயே, தாழ்வாரத்தின் ஓரம், காலைவெயில் விழும் இடத்தில் வைக்க.

4. நிலத்தில் நிற்கும் மரத்தின் அடியிற் கோடைக்குக் கட்டிய பாத்தியை உடைத்து, மண்ணை அணைத்து மேடாக்கி, நீர் வெளியே ஓட வாய்க்கால் வெட்டுக.

5. கோடையில் ஈரங்காக்கப் போட்ட பூவரசங் குழையையும் சருகையும் அடிமரத்தை விட்டு விலக்குக.

6. எரு இப்போது இடவேண்டாம். மாரியில் எழும் இளந்தளிர் நோய்க்கு அழைப்பு.

7. இலையின் அடிப்புறத்திற் செம்பழுப்புத் தூள் கண்டால் துருநோய். உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்க. மழை விட்ட நாளிற் போர்டோக் கலவை தெளிக்கலாம்: 10 கிறாம் மயில்துத்தம், 10 கிறாம் நீற்றுச் சுண்ணாம்பு, 1 லீற்றர் நீர், தனித்தனியே கரைத்துப் பின் கலக்க, இரும்புப் பாத்திரம் ஆகாது.

8. அடிமரத்தில் மரத்தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே துளைப்பான் இருக்கிறது. கம்பியை விட்டுக் குத்துக.

9. காற்றுக்கு ஊன்றுகோல் கட்டுக, கட்டு இறுக்கமாயிருக்கக்கூடாது.

10. பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதுக. மையெழுத்து முதல் மழையிற் கரையும். இலையைப் பார்த்து இனம் சொல்லவும் இயலாது, ஒரே மரத்திலேயே இலைகள் பலவடிவில் வரும்.

மழைநாளில் நீர் வார்ப்பதா இல்லையா என்ற ஐயத்துக்கு விரலே விடை. இரண்டங்குல ஆழத்துக்கு விரலை மண்ணில் விடுங்கள். ஈரம் பட்டால் செம்பை வைத்துவிட்டு உள்ளே போங்கள்.

எவ்வினத்தைத் தேடுவது

எப்போதோ ஒருமுறை வருபவரை ‘அத்தி பூத்தாற்போல வந்தீர்’ என்கிறோம். உண்மையில் அத்தி பூவாத மரமன்று. காயென்று நாம் காண்பதன் உட்புறமே பூக்களால் நிரம்பியது. அந்தப் பூக்களுக்குள் மகரந்தத்தைக் கொண்டுசெல்லச் சில இனங்களுக்கு ஒரு சிறு குளவி வேண்டும். சிமிர்னா என்னும் புகழ்பெற்ற இனம் அத்தகையது. 1880களிற் கலிபோர்னியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சிமிர்னா மரங்கள் செழித்து வளர்ந்தும் பிஞ்சுகளை உதிர்த்துக்கொண்டே இருந்தன. 1899இல் பிறெஸ்னோவில் அக்குளவியைக் குடியேற்றிய பின்னரே அவை கனிந்தன. ஆகவே பெயரின் பெருமையில் மயங்காமல், குளவியின் துணையின்றித் தானே கனியும் இனங்களையே நாம் நாடவேண்டும். பிறவுண் ரேக்கி, கடோற்றா, இந்தியாவிற் புனேப் பக்கத்தில் நெடுங்காலமாய்ப் பயிராகும் பூனா அத்தி ஆகியவை அவ்வகையின. 2016இற் புவிசார் குறியீடு பெற்ற புரந்தர் அத்தி விளைவதும் நீர் வடிந்தோடும் மேட்டுநிலத்திலேதான் என்பதை ஈண்டு நினைவூட்டுகிறோம். நினைவூட்டுவதன் காரணம் உங்களுக்குத் தெரியும்.

முதலாண்டில் இரண்டினம் போதும். பத்தினம் சேர்த்துப் பத்தையும் இழப்பதிலும், இரண்டை அறிந்து வளர்ப்பது சிறப்பு.

தை பிறந்தபின்

நடவும் கவ்வாத்தும் தையில். தடி நட்டு அத்தி வளர்ப்பது புதிதன்று. யோர்தான் பள்ளத்தாக்கிற் கில்கால் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கரிந்த அத்திப்பழங்கள் ஏறத்தாழ 11,400 ஆண்டுப் பழமையனவென்றும், வித்தினால் விருத்தியாக இயலாத அவ்வகையை மனிதர் தடி நட்டே வளர்த்திருக்கவேண்டுமென்றும் 2006இல் ஆய்வாளர் எழுதினர். தானியம் விதைக்கப் பழகுமுன்னரே கைவந்திருக்கக்கூடிய வித்தை நமக்கு மட்டும் அரிதாவானேன்?

முந்திய ஆண்டில் முற்றிய கொப்பிலிருந்து, பென்சிற் பருமனுக்குக் குறையாமல், மூன்று நான்கு கணுக்கள் உள்ளதாய் எட்டங்குலத் தடி வெட்டுக. கீழ்வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே அமைக. வடியும் பால் தோலிற் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளிக்கும். கையை மூடிக்கொள்க, பட்டால் உடனே கழுவுக. பால் காய ஒருநாள் நிழலில் வைத்து, ஆற்றுமணலும் கழுவிய தும்புத்தூளும் சமபங்காகக் கலந்த பையில், மூன்றிலிரண்டு பங்கு புதையும்படி நடுக. ஒருமுறை நன்றாக நனைத்தபின் விரற்சோதனையின்றி நீர் வார்க்கவேண்டாம்.

இங்கே இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் இலை விடும். விட்டதும் வேர் வந்துவிட்டதென்று குதூகலித்து நீரை அள்ளி வார்ப்பீர்கள். அந்த இலை தடியிற் சேமித்திருந்த உணவினால் எழுந்தது. வேர் வருவது அதற்குப் பின்னரே. வேரில்லாத தடிக்கு நீர் வார்ப்பது வாயில்லாதவனுக்குக் கஞ்சி வார்ப்பதுபோலாம். பொறுமையாயிருங்கள்.

நிலத்தில் நடுமுன் ஒன்றரையடிக் குழி வெட்டி நீரால் நிரப்புங்கள். மறுநாட் காலையில் நீர் மிஞ்சியிருந்தால் அவ்விடம் ஆகாது. வேறு இடம் இல்லையெனில், கல் அடுக்கி இரண்டடி உயரமும் நாலடி அகலமும் உள்ள மேடு எழுப்பி அதன்மேல் நடுக. மிளகாய், கத்தரி, தக்காளி, புகையிலை வைத்த மண்ணை மேட்டுக்கு அள்ளவேண்டாம். வேர்முடிச்சு வட்டப்புழு அம்மண்ணோடு வந்து குடியேறும். வாங்கிய கன்றின் வேரில் மணிமணியாய் முடிச்சுக் கண்டால், விலை கொடுத்த கன்றாயினும் அழித்துவிடுக.

தையிற் கவ்வாத்துச் செய்த மரம் கோடைவெயிலிற் கனியும். மரத்திலிருந்து பறித்தபின் அத்தி பழுப்பதில்லை; காம்பு தளர்ந்து பழம் தலைகவிழ்ந்த பின்னரே பறிக்க. அதுவரை அணிலுக்கும் வௌவாலுக்கும் எட்டாதபடி வலையிடுக.

பயணப்பெட்டியில் வரும் தடிகள்

கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர் ஈரத்துணியிற் சுற்றி அத்தித் தடி கொண்டுவருவது இப்போது வழக்கமாகிவருகிறது. பாசம் மெச்சத்தக்கதே, செயல் சட்டவிரோதம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றித் தாவரப் பொருள் கொண்டுவரலாகாது. தேமல் நோயை உண்டாக்கும் வைரசு தடியோடு வந்தால், உங்கள் சேகரிப்பில் உள்ளவற்றுக்கு மட்டுமன்றி அயலவர் மரத்துக்கும் அது பரவ இடமுண்டு. உள்ளூரில் ஆரோக்கியமாய் நிற்கும் மரத்திலிருந்து ஒரு தடி கேட்டு வாங்குங்கள். உங்கள் மரத்திலிருந்து ஒன்றை அயலவருக்குக் கொடுங்கள். உங்கள் முற்றத்தில் மரம் மடிந்தால் அவர் முற்றத்தில் அது உயிரோடிருக்கும்.

இத்தனையும் வாசித்தபின் எல்லாவற்றையும் மறந்துவிடுவோரும் உளர் என்பதைச் சென்ற ஆண்டின் அனுபவம் கற்பித்திருக்கிறது. மறப்பதாயின் துருநோயை மறவுங்கள், எருவை மறவுங்கள், இனப்பெயரையும் வேண்டுமானால் மறவுங்கள். அவற்றால் நேரும் நட்டம் அடுத்த கோடையிற் சரியாகிவிடும். வேரடியில் நின்ற நீர் செய்த நட்டம் சரியாவதில்லை. முதல்மழை விழுமுன், தயவுசெய்து, ஒருமுறை குனிந்து சாடியின் அடியைப் பாருங்கள். தட்டு இன்னும் அங்கேயே இருந்தால், இந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதை எடுத்துவிட்டு வாருங்கள்.